என் மேஜையில் ஓடுகிறதே!

நீலகிரியில் காட்டெருமை உண்டு, கரடி உண்டு, கருமந்தி உண்டு. வனத்துறை இவற்றை அவ்வப்போது கணக்கெடுத்துக் கொள்கிறது. ஆனால் கோத்தகிரியில் ஒரு பேக்கரியின் மாடியில் ஸ்வெட்டரும் மப்ளருமாக உட்கார்ந்திருக்கும் ஓர் உயிரினத்தை அது இதுவரை கணக்கில் சேர்க்கவில்லை. அழிந்துவரும் இனம் இல்லை என்பதால் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. அது அழியாது. நீங்கள் கவலைப்பட வேண்டாம். அதன் பெயர் 'என் மேஜையில் ஓடுகிறதே' ஆசாமி.

நீங்கள் பார்க்காத ஆளா? மிக்ஸியைப் பழுது பார்த்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் அது ஓடவில்லை என்று நீங்கள் திரும்பக் கொண்டுபோனால், தன் கடை ப்ளக்கில் மாட்டி ஒரு சுற்று சுற்றவிட்டு, உங்களை மேலும் கீழும் பார்ப்பாரே, அவர். கால் வலிக்கிறது என்று கதறுபவரிடம் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்து, "இதில் ஒன்றும் இல்லையே" என்பாரே, அவர். பேரன் ஓயாமல் அழுகிறான் என்று மருமகள் போனில் சொன்னால், "எங்க ஊட்ல இருந்தப்ப நல்லாத்தான இருந்தான்" என்று போனை வைத்துவிடும் மாமியாரும் இந்த இனத்தின் பெண்பால்தான். வலி, அழுகை, பழுது எல்லாம் நடக்கிற இடத்துக்கு இவர்கள் வரமாட்டார்கள். எதுவும் நடக்காத இடம் ஒன்றைக் கைவசம் வைத்திருப்பார்கள். அங்கே உங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் ஒரு மாதிரி வேண்டுமல்லவா? தினேஷ்குமாரை எடுத்துக்கொள்வோம்.

தினேஷ்குமார் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குப் பெட்டி செய்து கொடுக்கிறார். பறித்த பச்சை இலையை முதலில் நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றுவிட்டு வாட்ட வேண்டும். தொழிற்சாலைக்காரர்கள் அந்தத் தொட்டியை ட்ரப்பு என்பார்கள். காற்று அதிகமானால் இலை காய்ந்துவிடும். காற்றே இல்லாவிட்டால் குவிந்த இலை தானாகவே சூடேறி, சிவந்து, கெட்டுப்போகும். ஒவ்வொரு தொட்டியிலும் ஈரம் எவ்வளவு என்று ஓர் உணர்கருவி சொல்ல, அதைக் கேட்டு விசிறியைக் கூட்டிக் குறைப்பது தினேஷ்குமாரின் பெட்டி. பெட்டிக்குள் இருக்கும் புரோகிராம் அவர் கைப்பட எழுதியது. பல வருடங்களாக ஓடுகிறது. பல தொழிற்சாலைகளில் ஓடுகிறது. ஒரு குறை வந்ததில்லை. இந்தக் கடைசி மூன்று வாக்கியங்களை நான் சொல்லவில்லை. அவர் சொன்னதை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன். தும்மினால்கூட நடுவில் இதைச் சொல்லிவிட்டுத்தான் தும்மி முடிப்பார்.

பெட்டியின் மூளையாக இருந்த பழைய சில்லு, அதாவது பிராசசர், சந்தையில் கிடைக்காமல் போயிற்று. வேறு வகைச் சில்லு வாங்கி, அதே புரோகிராமை அதற்கு மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றினார். மேஜையில் வைத்து ஓட்டினார். ஓடியது. கைகளைக் கட்டிக்கொண்டார்.

இந்தக் கை கட்டுதலைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சாதாரண மனிதர் குளிருக்குக் கை கட்டுவார். இவர் தீர்ப்பு சொல்லிவிட்ட நீதிபதி மாதிரி கட்டுவார். கட்டியபின் மேல்முறையீடு கிடையாது.

"எல்லா சென்சாரையும் மாட்டிப் பாத்தீங்களா சார்?" என்றாள் ஜீவிதா. அருவங்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் இளம் இன்ஜினியர். பேக்கரி மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் தினேஷ்குமாரைத் தவிர இருக்கும் ஒரே ஊழியர்.

"ஒண்ணு ஓடுனா எல்லாம் ஓடும் ஜீவிதா. ஒரு பருக்கைய அமுக்கிப் பாத்தாப் போதாதா?"

தொட்டிக்கு ஒன்றாகப் பெட்டியில் இருந்த நான்கு இணைப்புகளில், அமுக்கிப் பார்த்த பருக்கை நான்காவது. ஏன் நான்காவது? பெட்டியின் ஓரத்தில் இருப்பதால் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே கைக்கு எட்டும். வரலாற்றில் பெரிய முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன.

புதுப் பெட்டி கட்டபெட்டில் ஒரு தொழிற்சாலைக்குப் போயிற்று. அங்கே இலையை வாங்குவதிலிருந்து தூளாக்குவது வரை பொறுப்பு டீ மேக்கர் முனியசாமி. பனிக்காலம். இலை வரத்துக் குறைவு. வாசலுக்கு அருகில் இருந்த நான்காவது தொட்டியை மட்டும் நிரப்பி, அதன் உணர்கருவியை மட்டும் பெட்டியில் மாட்டினார்கள். பெட்டி மணியாக ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் தினேஷ்குமார் நேரில் போய், விசிறிகளுக்குச் சுவரில் இருந்த கைச்சுவிட்சுகளைக் கழற்றச் சொன்னார். சுவிட்சு இருந்தால் யாராவது தட்டுவார்கள். தட்டினால் தன் புரோகிராமுக்கு அவமானம் என்பது அவர் கருத்து.

பிறகு கோடை மழை பெய்தது. மலை முழுக்கக் கொழுந்து துளிர்த்தது. லாரி லாரியாக இலை வந்து நான்கு தொட்டியும் நிரம்பியது. நான்கு உணர்கருவியையும் மாட்டினார்கள். பெட்டி செத்துப்போயிற்று.

முனியசாமியிடமிருந்து போன் வந்தது. இந்த இனம் போன் எடுக்கும் முறைக்கு ஒரு ராகம் உண்டு. ஆரோகணம் இப்படிப் போகும்:

"இருக்காதே."

"செத்துக் கெடக்குதுங்க சார்."

"யாராச்சும் கை வெச்சீங்களா?"

"ஏனுங்க, அதுமேல கை வெக்கறதுக்கு நேரமேதுங்க? எல வந்து மலையாட்டக் குமிஞ்சு கெடக்குது!"

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"பண்ணிப் பண்ணி வெரலு தேஞ்சு போச்சுங்க."

பிறகு உச்ச ஸ்தாயி: "என் மேஜைல ஓடுதே!"

அடுத்த சில வாரங்களில் குற்றவாளிகள் ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். கட்டபெட்டு கரண்ட் சரியில்லை. மூடுபனியின் ஈரம் பெட்டிக்குள் இறங்குகிறது. புதிதாக நட்ட செல்போன் கோபுரம். வயரை எலி கடித்திருக்கலாம். மின்கம்பத்தில் காட்டெருமை முதுகு சொறிந்ததால் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது என்று ஒரு நாள் முழுக்க நம்பினார். ஜன்னலைத் திறந்து எதிர்ச் சரிவில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு காட்டெருமையை முறைத்தும் பார்த்தார். அது மேய்ந்தது. சந்தேக வளையத்துக்குள் நீலகிரி மாவட்டத்தின் சகல ஜீவராசிகளும் வந்து போயின. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு ஜீவராசி மட்டும் வரவில்லை.

இந்தப் பெட்டிக்கு ஒரு விசேஷ குணம் இருந்தது. இலை குறைவான நாளில், அதாவது வாசலோரத் தொட்டி மட்டும் நிரம்பும் நாளில், அது அருமையாக ஓடும். இலை அதிகமான நாளில் படுத்துவிடும். "எம்மச்சானும் இதே மாதிரிதானுங்க" என்றார் முனியசாமி. "வேல இல்லாத அன்னிக்கு ஜம்முனு வந்து நிப்பாப்ல."

ஜீவிதா ஒரு நாள் மெதுவாகக் கேட்டாள்: "சார், ட்ரப்பு நம்பருக்கும் ஈரத்துக்கும் நடுவுல மூணு பைட் காலியா உட்டுப் பாக்கலாங்களா?"

தினேஷ்குமார் நாற்காலியைத் திருப்பினார். சிக்கனம் பற்றி ஓர் உரை நிகழ்ந்தது. நினைவகம் என்பது என்ன விலைக்கு விற்ற காலத்தில் தான் புரோகிராம் எழுத வந்தது, ஓர் இடத்தைக்கூட வீணாக்காமல் தகவலை ஒட்டி ஒட்டி அடுக்குவது என்ன கலை, இப்போதைய பிள்ளைகள் எப்படிக் காலி இடத்தை வாரி இறைக்கிறார்கள் என்றெல்லாம் போய், கீழே பேக்கரியில் பன் வெந்து இறங்கிய வாசனை வந்தபோது முடிந்தது. "காலி எடம் உட்டா பெட்டி ஓடுமா? நல்லா இருக்கே!" என்று கடைசியாகச் சிரித்தார். ஜீவிதாவும் சிரித்தாள். சம்பளம் வாங்குகிறவர்கள் சிரிப்பது சட்டப்படி கட்டாயம்.

கடைசியில் முனியசாமியே நாள் குறித்தார். "சனிக்கெழம பெரிய லோடு வருதுங்க சார். அன்னிக்கும் படுத்துச்சுன்னா பெட்டியக் கழட்டி உங்க பேக்கரி மாடிக்கே அனுப்பி உட்டுருவனுங்க. மத்த பேக்டரிக்காரங்க எங்கிட்டத்தான் கேட்டுட்டு இருக்காங்க, வாங்கலாமா வேண்டாமான்னு. நான் பொய் சொல்ல மாட்டனுங்க."

சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளெல்லாம் முனியசாமி வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் மாடியைக் காலி செய்துவிட்டு, தினேஷ்குமார் பெட்டியும் கையுமாகக் கோவைக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

சனிக்கிழமை காலை ஜீவிதாவையும் அழைத்துக்கொண்டு கட்டபெட்டுக்குப் போனார். ஆனால் இந்த இனம் தன் மேஜையை விட்டுப் பிரியுமா? லேப்டாப், தன் சொந்த உணர்கருவி, தன் சொந்த வயர், தன் சொந்த எக்ஸ்டென்ஷன் பலகை எல்லாவற்றையும் மூட்டை கட்டி எடுத்துப் போனார். தொழிற்சாலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, தொட்டிகளின் வயர்களையெல்லாம் பெட்டியிலிருந்து பிடுங்கிவிட்டு, தன் உணர்கருவியை நான்காவது இணைப்பில் மாட்டினார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"பாருங்க. ஓடுது."

முனியசாமி ஸ்டூலைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். "ஏனுங்க சார், உங்க டேபிளயும் கையோட தூக்கிட்டு வந்துட்டீங்களாட்டக்குது?"

நான்கு தொட்டியிலும் இலை முழங்கை ஆழத்துக்குக் கிடந்தது. நான்காவது விசிறி மட்டும் சுற்றியது, மற்ற மூன்றும் நின்றிருந்தன. உணர்கருவி மாட்டாவிட்டாலோ பெட்டி செத்தாலோ விசிறி நின்றுவிட வேண்டும் என்பது தினேஷ்குமார் செய்திருந்த பாதுகாப்பு ஏற்பாடு. கைச்சுவிட்சைத் திரும்ப மாட்டலாமென்றால் எலக்ட்ரீஷியன் மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பெண்கள் கையாலேயே இலையைக் கிளறிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரான அங்கம்மா முதல் தொட்டிக்குள் கையை விட்டு எடுத்து உதறினார்.

"சுடுது. இன்னுங் கொஞ்ச நேரத்துல இதுல முட்ட அவிக்கலாம். இங்க ஒரு சுவிட்சு இருந்துச்சு, தட்டுனா வெசிறி சுத்தும். அது யாரு கண்ண உறுத்துச்சோ, தெரியல."

தினேஷ்குமார் சுவரைப் பார்த்தார். சுவிட்சு இருந்த இடத்தில் ஓட்டைகள் இருந்தன.

"சார், அத மொத எணப்புல மாட்டிக் காட்டுங்க" என்றார் முனியசாமி.

மறுக்க வழியில்லை. மாட்டினார். பச்சை விளக்கு அணைந்தது. பெட்டியை அணைத்து எழுப்பி இரண்டாவதில் மாட்டினார். அணைந்தது. மூன்றாவதிலும் அப்படியே. நான்காவதில் மாட்டினார். பச்சை. அதே கருவி, அதே வயர், அதே கரண்ட், அதே மூடுபனி. காட்டெருமை எதுவும் அருகில் இல்லை.

அந்த நொடியில் தினேஷ்குமாருக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்த இனம் முட்டாள் இல்லை. முட்டாள் என்று நினைத்து யாரும் ஏமாந்துவிடக் கூடாது. விஷயம் தெரிந்தவர்கள்தான் இந்த இனத்தில் சேர முடியும்.

புரிந்தது இதுதான். நினைவகம் என்பது வரிசையாகக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். ஜீவிதா பைட் என்றாளே, அது ஓர் அறை. நாலு அறைக்கு ஒரு கதவு. ஈரத்தின் அளவு ஒரு பெரிய எண். அதற்கு நாலு அறை வேண்டும். தினேஷ்குமாரோ சிக்கனத் திலகம். தொட்டியின் நம்பருக்கு ஓர் அறை, ஒட்டினாற்போல் ஈரத்துக்கு நாலு அறை, அதை ஒட்டி அடுத்த தொட்டி என்று இண்டு இடுக்கில்லாமல் அடைத்திருந்தார். அதனால் முதல் தொட்டியின் ஈரம் ஒரு கதவுக்குப் பின்னால் முக்காலும் அடுத்த கதவுக்குப் பின்னால் காலுமாகக் கிடந்தது. இரண்டாவது, மூன்றாவதுக்கும் இதே கதி. நான்காவதுக்கு வரும்போது மட்டும் கணக்கு தற்செயலாக நேர்ப்பட்டு, எண் முழுசாக ஒரே கதவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

பழைய சில்லு இதையெல்லாம் பெரிதுபடுத்தாது. பாதியிலிருந்து எடு என்றாலும், முணுமுணுக்காமல் ஒரு கதவைத் திறந்து கொஞ்சம், மறு கதவைத் திறந்து கொஞ்சம் என்று எடுத்து, இரண்டையும் ஒட்டிக் கையில் கொடுத்துவிடும். எத்தனை வருடம் அப்படிக் கொடுத்தது! ஒரு நாள் சொல்லிக் காட்டியதில்லை. புதுச் சில்லுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. கதவுக்கு நேராக நின்று கேள், இல்லாவிட்டால் ஆளை விடு என்று அப்படியே படுத்துவிடுகிறது.

பழைய சில்லைப் போன்றவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. தினேஷ்குமார் வீட்டில் அவர் மனைவி சசிரேகா இருக்கிறார். "அத எடுத்துட்டு வா" என்பார் இவர். எது என்று சொல்லமாட்டார். அந்த அம்மாள் ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்று தேடி, கண்ணாடியும் சார்ஜருமாக இரண்டையுமே கொண்டுவந்து நீட்டுவார். இரண்டில் ஒன்று சரியாக இருக்கும். தான் தெளிவாகப் பேசுகிற மனிதன் என்று இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது செய்ய வேண்டியது ஒரே காரியம். ஒவ்வொரு தொட்டி நம்பருக்குப் பிறகும் மூன்று அறையைக் காலியாக விட்டால் எல்லா ஈரமும் கதவுக்கு நேராக வந்துவிடும். தட்டச்சு செய்ய ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் மூன்று அறை என்று சொன்னது யார்? பக்கத்தில் நிற்கிறாள். ஒன்றும் பேசாமல் இலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஏதாவது பேசித் தொலைத்தாலாவது பதிலுக்குக் கோபப்படலாம்.

தினேஷ்குமார் வாயைத் திறந்தார். 'நீ சொன்னது சரிதான் ஜீவிதா.' வாக்கியம் தொண்டைவரை வந்துவிட்டது. இலக்கணப் பிழையில்லாத, சின்ன வாக்கியம். முனியசாமி பார்த்தார். அங்கம்மா பார்த்தார். ஜீவிதா திரும்பினாள்.

"ஒரு டீ கெடைக்குமா?" என்றார் தினேஷ்குமார்.

டீ வந்தது. குடித்தார். முதல் தொட்டியின் ஓரத்தில் இலை செம்பட்டை பாய ஆரம்பித்திருந்தது. அங்கம்மா கிளறக் கிளற அடியிலிருந்து புளித்த வாசனை ஏறியது. "குடிச்சு முடிச்சாச்சா, இல்ல பன்னும் வேணுமா?" என்று அவர் யாரிடமோ கேட்பதுபோல் கேட்டார்.

தினேஷ்குமார் டம்ளரை வைத்துவிட்டு லேப்டாப்பை ஜீவிதாவுக்குத் தெரியாத கோணத்தில் திருப்பிக்கொண்டார். மூன்று காலி அறைகளைச் சேர்த்தார். அவற்றைக் 'காலி' என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. எதிர்காலம் ஒன்று, எதிர்காலம் இரண்டு, எதிர்காலம் மூன்று என்று பெயர் வைத்தார். புரோகிராமைப் பெட்டியில் ஏற்றி, நான்கு தொட்டியின் வயரையும் மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. விசிறிகள் ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு எழுந்தன. பெண்கள் கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். தினேஷ்குமார் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"என்னங்க சார் பண்ணுனீங்க?"

"வெர்ஷன் டூ போட்டுட்டேன். இனிமே ஒவ்வொரு ட்ரப்புக்கும் மூணு புது வசதி சேத்துக்கலாம்."

"என்ன வசதிங்க?"

"வரும்."

ஜீவிதா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்ப தப்பு எங்கீங்க சார் இருந்துச்சு?"

"பிராசசர்ல."

"அப்படீன்னா அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டுரலாங்களா சார்? இந்த மாதிரி, உங்க பிராசசர்ல தப்பு இருக்குதுன்னு?"

தினேஷ்குமார் நெடுநேரம் யோசிப்பவர்போல் விசிறியைப் பார்த்தார். "வேண்டாம் விடு. அவனுகளும் பொழைக்கணும்."

முனியசாமி முதல் தொட்டியிலிருந்து ஒரு கை இலையை அள்ளிவந்து நீட்டினார். பாதி சிவப்பு. பிடித்தால் வெதுவெதுப்பாக இருந்தது. "இத என்னங்க பண்றது சார்? தூளுக்கு ஆகாது. குப்பைலதான் கொட்டோணும். இதப் பறிச்சவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

நல்ல கேள்வி. ஒரு மனிதன் இந்த இடத்தில் 'மன்னிச்சுக்கங்க' என்பான். தினேஷ்குமார் அந்த இலையைப் பார்த்தார், முகர்ந்தார், விரலால் நிமிண்டினார். பிறகு வாசலோரம் திரும்பினார்.

"நாலாவது ட்ரப்பு எல நல்லாத்தான இருக்கு?"

முனியசாமி கையிலிருந்த இலையைக் கீழே உதறினார். எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டு, கல்யாணச் சாப்பாடு முடிந்த கையோடு சுவிட்சுகளை வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை. ஓடுகிற பெட்டியை யார் அனுப்புவார்கள்? கேட்ட தொழிற்சாலைகளுக்கெல்லாம் சொன்ன வாக்குப்படி உண்மையைத்தான் சொன்னார்: "பெட்டி ஓடுதுங்க, வாங்கலாம். சுவிட்ச மட்டும் கழட்டிப்போடாதீங்க. அவரு கழட்டச் சொல்லுவாரு. சரிங்கன்னு தலையாட்டிட்டு உட்டுருங்க." இப்படியாக அவர்களும் பொறுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் குன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் பெட்டி வாங்க வந்தார். "புது சில்லுன்னு சொல்றாங்களே, பிரச்சன ஏதும் வராதுங்களே?" என்று கேட்டார். ஜீவிதா தன் கம்ப்யூட்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தினேஷ்குமார் மனப்பூர்வமாக, பொய் கலக்காத முகத்தோடு பதில் சொன்னார். அது அவர் நம்புகிற பதில்தான். அதுதான் இந்த இனத்தின் அழகு.

வாசகரே, இவ்வளவு நேரம் நீங்கள் புன்சிரிப்போடு வாசித்ததை நான் கவனிக்காமல் இல்லை. உங்களுக்கும் புரோகிராமுக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் ஆசிரியராக இருக்கலாம், அதிகாரியாக இருக்கலாம், நாலு பேருக்கு மூத்தவராக இருக்கலாம். உங்கள் வீட்டில், உங்கள் அலுவலகத்தில், நீங்கள் பாதியில் விட்டதை எடுத்து ஒட்டிக்கொடுக்க யாரும் இல்லை, எல்லாவற்றையும் நீங்கள் நேராகத்தான் வைத்திருக்கிறீர்கள் என்கிறீர்கள். இருக்கலாம். அதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டால், இத்தனை வருடத்தில் ஒருவர்கூட உங்களிடம் வந்து ஒரு குறை சொன்னதில்லை என்கிறீர்கள்.

குன்னூர்க்காரரிடம் தினேஷ்குமாரும் அதைத்தான் சொன்னார்.